சின்னம்மா விலத்தி இருந்த நாட்கள்

முதலில் சங்கத்து ஆட்கள் எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து ஒழுங்காக வராது. எங்கள் முதியோர் சங்கத்து மலருக்கு ஆளுக்கொரு சின்ன வயதுக் கதை வேண்டும் என்று செயலாளர் ரீச்சர் கேட்டபோது, நான் வழக்கம்போலக் கடைசி வரிசைக் கதிரையில் குனிந்துகொண்டிருந்தேன். "நீங்கள் கதைக்கத்தான் வெக்கப்படுறியள். எழுதலாம்தானே?" என்று சொல்லி ஒரு கொப்பியைக் கையில் தந்துவிட்டார். நாலு மாதமாகக் கொப்பி அலுமாரிக்குள் கிடந்தது. ஆண்டு, திகதி எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்பதில்லை. முன்னே வர வேண்டியது பின்னே வரும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நீங்கள் எல்லோரும் எழுதித் தந்த கதைகளை ரீச்சர் கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். மாங்காய் களவெடுத்தது, குளத்தில் விழுந்தது, பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாருக்குப் பட்டப்பெயர் வைத்தது. நானும் உங்களோடு சேர்ந்து சிரித்தேன். என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. எனக்கு ஒன்பது வயது நடந்த அந்த ஒரு வருடம்தான் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் நடந்ததெல்லாம் புகை மாதிரி.

எங்கள் வீடு சாவகச்சேரிச் சந்தையிலிருந்து நடந்து போகிற தூரம். அப்பா, அம்மா, நான், பால்குடியாக இருந்த எங்கள் கடைக்குட்டி. அப்பாவின் மூத்த அக்காவும் எங்களோடுதான் இருந்தார். எனக்கு மாமி. சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவர். அலுமாரித் திறப்பும் அரிசிப் பெட்டகத்துத் திறப்பும் அவரின் இடுப்பில்தான் தொங்கும். வீட்டில் அவர் சொன்னால் சரி. அவர் பொல்லாதவர் இல்லை என்பதை இப்போதே எழுதிவிடுகிறேன். பிறகு எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

அப்பாவின் தம்பியைச் சின்னையா என்று கூப்பிடுவோம். அவருக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. அவர் கல்யாணம் செய்து கொண்டுவந்தவர்தான் சின்னம்மா. நீர்வேலிப் பெண். எங்கள் பக்கத்து வழக்கப்படி சீதன வீட்டில்தான் அவர்கள் குடியிருக்க வேண்டும். ஆனால் நீர்வேலியில் அந்த வீடு சுவர் எழும்பி, கூரை போடாமல் நின்றது. கூரை போடும் வரைக்கும் எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பேச்சு. சின்னையா மாதம் ஒருதரம் கோச்சி ரயிலில் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போவார்.

வந்த புதிதில் சின்னம்மா எப்படி இருந்தார் என்று கட்டாயம் எழுத வேண்டும். ஏனென்றால் பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். அவர் நடக்கமாட்டார், ஓடுவார். கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் வாளியோடு ஓடும்போது பாதித் தண்ணீர் வழியில் சிந்தும். மாமி, "என்ன பிள்ளை, முத்தத்துக்கோ குளிப்பாட்டுறீர்?" என்பார். மத்தியானத்தில் என்னோடு இருந்து கொக்கான் வெட்டுவார். ஐந்து கல்லையும் மேலே எறிந்து புறங்கையில் தாங்குவார், ஒன்றுகூட நிலத்தில் விழாது. "நீர்வேலியிலை வாழைப்பொத்தி புடுங்கிற கை இது, கல்லு எங்கை போகப்போகுது," என்று சொல்லிச் சிரிப்பார். வாய் முழுக்கச் சிரிப்பு.

தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் பிள்ளை பிறந்தது. மருத்துவிச்சி வீட்டுக்கே வந்தார். என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆம்பிளைப் பிள்ளை என்ற செய்தி காலையிலேயே வேலிக்கு மேலால் வந்தது. ஆனால் என்னைக் கூப்பிடப் பொழுதுபட்டுவிட்டது. நான் போனபோது அப்பா வளவின் பின்பக்கம் குழி வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சுருட்டிய பாய்கள் கிடந்தன. ஒரு பாய் இல்லை, மூன்று. பழைய சேலைகளும் கிடந்தன. மண் நிறத்தில் ஈரம். அம்மா என் கண்ணைப் பொத்தி உள்ளே கூட்டிக்கொண்டு போனார். மருத்துவிச்சி கையைக் கழுவிக்கொண்டு, "இவ்வளவு போனதுக்குத் தாய் தப்பினது அம்மன்ரை புண்ணியம்," என்று சொன்னது கேட்டது. எல்லோரும் அம்மன் கோயில் திசையைப் பார்த்துக் கும்பிட்டோம். கண்டம் போய்விட்டது என்று நினைத்தோம்.

பால் வரவில்லை.

சுறாப் புட்டு அவித்துக் கொடுத்தார்கள். உள்ளி போட்டுச் சரக்குக் கறி வைத்தார்கள். முருங்கையிலை தினமும். வீடெல்லாம் அந்த மணம்தான். சின்னம்மா எல்லாவற்றையும் விழுங்குவார். மூன்றாம் நாளில்லை, பத்தாம் நாளில்லை, ஒரு சொட்டும் வரவில்லை. பிள்ளை தொண்டை அடைக்க அழுதது. கடைசியில் அம்மா, "இஞ்சை கொண்டாங்கோ," என்று வாங்கித் தன் மார்பில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கடைக்குட்டிக்கு ஒரு பக்கம், அந்தப் பிள்ளைக்கு ஒரு பக்கம். ஒரே கூரை வளையில் இரண்டு ஏணைத் தொட்டில் தொங்கியது. அந்தப் பிள்ளையைத்தான் நான் இன்றுவரை தம்பி என்று கூப்பிடுகிறேன். இனித் தம்பி என்று எழுதினால் அவன்தான்.

மாமி ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்: "மனசிலை ஈரம் இருந்தால்தானே மார்பிலை ஈரம் வரும்." சின்னம்மா அறைக்குள் இருந்தார். கேட்டிருக்கும். சுளகுச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படிதான் மாமி சொன்னார்.

பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்த பிறகும் சின்னம்மா எழும்பி ஓடவில்லை. வாளியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிணற்றுக்கட்டில் இருந்துவிடுவார். காய் வெட்டும்போது கத்தி கையில் இருக்கத் தலை சாயும். குரல் மாறியது. ஆம்பிளைக் குரல் மாதிரி அடியிலிருந்து, மெதுவாக. ஒரு கேள்வி கேட்டால் பதில் வர நேரம் எடுக்கும். சித்திரை வெயிலில் நாங்கள் விசிறி மட்டையோடு திரிய, அவர் சின்னையாவின் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் இருப்பார். அது சின்னையா முந்தி நுவரெலியாவில் வேலை செய்தபோது வாங்கிய மண்ணிறச் சட்டை, முழங்கையில் ஒட்டுப் போட்டது. "குளிருதடி பிள்ளை," என்பார். தொட்டுப் பார்த்தால் கை உண்மையிலேயே குளிரும். நான் அதை விளையாட்டாக எடுத்து, மத்தியானங்களில் அவர் கையை என் கன்னத்தில் வைத்துக்கொள்வேன்.

நிறமும் வெளுத்தது. வேலிக்கரையில் அயல் பெண்கள் அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள்.

"உங்கடை தம்பி பெண்சாதி பிள்ளை பெத்தாப் பிறகு நல்ல வடிவா வெளுத்திட்டா."

"வெயில் பட்டால்தானே கறுக்க," என்றார் மாமி. "வேலையும் இல்லை, வெக்கையும் இல்லை. மகாராணி மாதிரி."

"முத்தத்திலைதானே இருக்கிறா, வெயிலுக்கை?"

"இருக்கிறாதான். நிக்கிறாவே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமை விரதத்தில் இரண்டு தரம் மயங்கி விழுந்தார். விரதம் பிடிக்கத் தெரியாதவள் என்று பெயர் வந்தது. புருவம் மெலிந்து, ஓரங்களில் மயிரே இல்லாமல் போனது. சின்னையா வருகிற நாளில் என்னைக் கூப்பிட்டு, மையால் புருவம் கீறிவிடச் சொல்வார். ஒருமுறை ஒன்றை உயரமாகவும் ஒன்றைப் பதிவாகவும் கீறிவிட்டேன். சின்னையா பார்த்துவிட்டு, "இதென்ன கூத்துக்கு வெளிக்கிட்டனீரோ?" என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டிருப்பார். சின்னம்மா சேலைத் தலைப்பால் அழித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். சின்னையா வந்து நின்ற இரண்டு நாளும் சின்னம்மாவுக்குப் பெரும்பாலும் நித்திரைதான். போகும்போது சின்னையா அப்பாவிடம் சொன்னார்: "அண்ணை, நான் கட்டினது ஒரு ஆள், இப்ப இருக்கிறது வேறை ஆள்."

இனி நான் எழுத வந்த இடம்.

அந்தக் காலத்தில் மாதத் துடக்கு வந்த பெண்கள் மூன்று நாள் விலத்தி இருப்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் எல்லோரும் இருந்தவர்கள்தான். எங்கள் வீட்டின் பின்புறம் ஓலையால் இறக்கிய ஒரு பத்தி இருந்தது. அங்கே ஒரு பாய், ஒரு கோப்பை, ஒரு செம்பு. குசினிக்கு வரக்கூடாது, கிணற்றில் அள்ளக்கூடாது, பிள்ளைகளைத் தொடக்கூடாது. சாப்பாடு கொண்டுபோய் வைப்பது என் வேலை. நாலாம் நாள் முழுகிவிட்டு வீட்டுக்குள் வரலாம்.

வைகாசி மாதம் தொடங்கிச் சின்னம்மாவும் மாதத்தில் மூன்று நாள் அந்தப் பத்திக்குப் போனார். மாமி அதை நல்ல குறியாக எடுத்தார். "உடம்பு வழிக்கு வந்திட்டுது, இனி அடுத்ததும் வரும்," என்று அம்மாவிடம் சொன்னார்.

ஆடி மாதம் ஒரு மத்தியானம், நான் சோறு கொண்டு போனபோது சின்னம்மா பாயில் நல்ல நித்திரை. வாய் திறந்திருந்தது. பாயின் தலைப்பக்கம் சீலைத் துண்டுகள் இருந்தன. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்து நான்தான் முதல்நாள் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தவள். நான் மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தன. நாலாம் நாள் பார்த்தால் அதே துண்டுகள் நனைந்து பின்வேலியில் காய்கின்றன. துடக்கு என்றால் என்ன என்று எனக்கு அப்போது முழுதாகத் தெரியாது. சீலை அழுக்காகும், தோய்க்க வேண்டும் என்ற அளவுக்குத் தெரியும். பத்தியில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன்.

"ஏன் சின்னம்மா, ஊத்தை படாத சீலையைத் தோய்ச்சனீங்கள்?"

சின்னம்மா என்னையே பார்த்தார். பிறகு கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டியே?"

"சொல்லமாட்டன்."

"எனக்கு உது வாறதே இல்லையடி. தம்பி பிறந்தாப் பிறகு ஒருக்காலும் வரேல்லை. ஏனெண்டு எனக்கே தெரியேல்லை. உன்ரை மாமியிட்டைச் சொன்னால், இனிப் பிள்ளை இல்லாதவள் எண்டு கதை கட்டிப் போடுவா."

"அப்ப ஏன் பத்திக்கு வாறியள்?"

"இஞ்சை வந்தால்தானே என்னை ஒருத்தரும் எழுப்பாயினம். மூண்டு நாள் படுத்தால்தான் மிச்ச நாள் நிண்டு பிடிப்பன். இல்லாட்டி விழுந்திடுவன்." தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "நான் பஞ்சி பிடிச்ச சோம்பேறி இல்லையடி. நீ அறிவாய்தானே, நான் எப்பிடி ஓடினனான் எண்டு," என்றார்.

நான் தலையாட்டினேன். என் தலையில் கைவைத்து அம்மனுக்குச் சத்தியமும் செய்தேன். அந்த வயதில் எனக்கென்று ஒரு பெரிய ஆள் இரகசியம் சொன்னது பெருமையாக இருந்தது. மூன்று நாலு கிழமை அந்தப் பெருமையோடு திரிந்தேன்.

ஆவணியில் அம்மன் கோயில் தேர். எனக்குப் புதுச் சட்டை தைத்திருந்தது, மஞ்சளில் சிவப்புப் பூ. தேருக்கு நான் மாமியோடு போவது, சின்னம்மா வீட்டில் நின்று பிள்ளைகளைப் பார்ப்பது, அம்மா விருந்தாட்களுக்குச் சமைப்பது என்று ஒழுங்கு. தேரன்று விடிய, சின்னம்மா பத்திக்குப் போய்விட்டார். இரண்டு நாளாகத் தேர்ப் பலகாரத்துக்கு மாவிடித்திருந்தார், கால் நிற்கவில்லை. இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: விலத்தி இருக்கிற ஆள் பிள்ளைகளைத் தொடக்கூடாது. ஆகவே நான் தேருக்குப் போகமுடியாது.

இரண்டு ஏணைக்கும் நடுவில் புதுச் சட்டையோடு இருந்தேன். ஒன்றை ஆட்ட மற்றது அழும். தூரத்தில் மேளச் சத்தம் கேட்டது, வெடி கேட்டது. தேர் இருப்புக்கு வந்த சத்தமும் கேட்டது. பின்பத்தியில் சின்னம்மாவின் குறட்டை கேட்டது.

மாமி பின்னேரம் வந்தார். கச்சான் கடலைப் பொதியும் எனக்குக் கண்ணாடிக் காப்பும் வாங்கி வந்திருந்தார். "பாவம் என்ரை குஞ்சு, தேர் பாக்கேல்லை," என்று சொல்லித் தானே என் கையில் காப்பைப் போட்டுவிட்டார். "என்ன செய்யிறது, சின்னம்மாவுக்குத் துடக்கு."

"அவவுக்குத் துடக்கே இல்லை மாமி," என்றேன். "அவ பொய் சொல்லுறவ. சீலையிலை ஒண்டும் படுறேல்லை. வாறதே இல்லையெண்டு எனக்குச் சொன்னவ."

இதைச் சொன்னபோது நான் அழவில்லை, கத்தவில்லை. காப்பை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

மாமியின் பின்னால் நானும் போனேன். அம்மாவும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்னம்மா எழும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தினை மாதமா உந்தப் பொய்?"

சின்னம்மா முதலில் மாமியைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு என் கையை. மறுத்திருக்கலாம். நான் சின்னப் பிள்ளை, என் சொல் எடுபடாமல் போயிருக்கும்.

"பிள்ளை பெத்ததிலை இருந்து வரேல்லை மச்சாள்."

"அப்ப ஏன் விலத்தி இருந்தனீர்?"

"படுக்கத்தான். என்னாலை நிக்க ஏலாமல் கிடக்கு."

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மாமியின் காதில் 'படுக்கத்தான்' என்ற ஒரு சொல் மட்டும் விழுந்தது.

"தேர் நாளிலை," என்றார் மாமி. "அம்மன் வெளிக்கிடுற நாளிலை. இல்லாத துடக்கைச் சொல்லிப் படுத்திருக்கிறா. வீட்டிலை இரண்டு பச்சைப் பிள்ளையள் இருக்க, தெய்வத்தோடை விளையாடியிருக்கிறா."

மாமி நடித்துப் பேசவில்லை. உண்மையிலேயே பயந்துபோனார். எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் ஏதாவது வந்துவிடும் என்று பயந்தார்.

அம்மா மட்டும் மெதுவாகக் கேட்டார்: "மச்சாள், பாலும் குடுக்கேல்லை, இவ்வளவு மாதமாயும் வரேல்லையெண்டால் ஏனெண்டு ஒருக்கால் ஆஸ்பத்திரியிலை காட்டினால் என்ன?"

"பஞ்சிக்கு எந்த ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கினம்? நீ போய்ப் பிள்ளையளைப் பார்."

அம்மா போய்விட்டார். அம்மா கேட்ட அந்தக் கேள்வியை நான் பிறகு அறுபது வருடம் மறந்திருந்தேன்.

அடுத்த கிழமை சின்னம்மாவின் தகப்பனார் நீர்வேலியிலிருந்து வாடகைக் காரில் வந்தார். வாழைக் கயர் பிடித்துக் கறுத்த கைகள். பெரிய கதலிக் குலை ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். வாங்கில் நுனியில் இருந்தார். "என்ரை பிள்ளை என்ன பிழை விட்டிருந்தாலும் நான் மன்னிப்புக் கேக்கிறன், தங்கச்சி," என்று மாமியிடம் சொன்னார். வயதுபோன மனிதர் அப்படிக் கேட்டது அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, எழும்பி வெளியே போய்விட்டார். "கொஞ்ச நாள் உங்களோடை வைச்சுப் பழக்கிவிடுங்கோ," என்றார் மாமி. "பொடியன் இஞ்சை நிக்கட்டும். பால் இஞ்சைதானே இருக்கு." பால் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

சின்னம்மா கம்பளிச் சட்டையோடு வெளிக்கிட்டார். "அது என்ரை தம்பியின்ரை," என்றார் மாமி. சின்னம்மா கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தார். நெடுநேரம் ஏணைக்குள் பார்த்துக்கொண்டு நின்றார். தூக்கவில்லை. தூக்கினால் விழுத்திவிடுவேன் என்று பயந்தாரோ தெரியாது. கார்க் கதவடியில் என் கையைப் பிடித்தார். கை பனிக்கட்டி.

"கோயில் காப்போ? வடிவா இருக்கு," என்றார்.

பிறகு காருக்குள் ஏறித் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

மார்கழி மழையில் நீர்வேலியிலிருந்து ஒருவர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்தார். அந்த வீட்டில் எல்லோருக்கும் காய்ச்சல் வந்ததாம். தாயும் தங்கச்சியும் படுத்து எழும்பிவிட்டார்கள். "அவ இரண்டு நாள் வாந்தி சத்தி எடுத்தவ. பிறகு படுத்தவ. வழக்கமா நித்திரை கொள்ளுறவதானே எண்டு விட்டிட்டம்," என்றார் வந்தவர். "எழும்பேல்லை."

மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவனைக் கீழே விட்டதே இல்லை. தன் காதில் கிடந்ததை விற்றுத்தான் அவனைப் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். சின்னையா வேறு கல்யாணம் செய்து கொழும்போடு போய்விட்டார். தாய் எங்கே என்று தம்பி கேட்கத் தொடங்கிய வயதில், மாமி சொன்ன பதில், "கொம்மா நித்திரைக்காரி, நித்திரையிலேயே போயிட்டா." அந்தப் பதிலோடுதான் அவன் வளர்ந்தான். நான் பக்கத்தில் இருந்தும் வேறு பதில் சொல்லவில்லை.

இப்போது தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது. கொழும்புத்துறையில் இருக்கிறான். போன வருடம் அவனுடைய கடைசி மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பிள்ளைப்பேற்றில் இரத்தம் அதிகம் போய், ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்றித் தப்பவைத்தார்கள். ஆறு ஏழு மாதம் கழித்து ஒரு காய்ச்சலோடு மயங்கி விழுந்தாள் என்று திரும்பவும் ஆஸ்பத்திரி வாட்டில் போட்டார்கள். அவளுக்கு மாமி முறையான என்னைத் துணைக்கு நிற்கக் கூப்பிட்டான். அவள் வெளுத்துப்போய்க் கிடந்தாள். நான் நெற்றியைத் தொட்டபோது கண்ணைத் திறந்து, "போர்வை தாங்கோ மாமி, குளிருது," என்றாள். அவள் கையை எடுத்து என் கன்னத்தில் வைத்தேன்.

டொக்டர் ஒரு இளம் பெண். கட்டில் விளிம்பில் இருந்துகொண்டு இரண்டே இரண்டு கேள்வி கேட்டார்.

"பிள்ளைக்குக் குடுக்கப் பால் வந்ததோ?"

"இல்லை டொக்டர்."

"அதுக்குப் பிறகு மாதவிடாய் வந்ததோ?"

"இல்லை."

தம்பி கதவடியில் நின்று பகிடி விட்டான். மகளுக்குப் பயம் தெளியட்டும் என்று விட்டிருப்பான். "எங்கடை பரம்பரையே அப்பிடித்தான் டொக்டர். என்ரை அம்மாவும் பெரிய நித்திரைக்காரியாம். பிள்ளைக்குப் பால் குடுக்கவே பஞ்சிப்பட்டவவாம்."

டொக்டர் சிரிக்கவில்லை. "அவவுக்கும் பிள்ளை பிறக்கேக்கை கனக்க இரத்தம் போனதோ?"

"எனக்கெப்பிடித் தெரியும், நான்தானே அந்தப் பிள்ளை," என்றான் தம்பி. "அக்கா, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ?"

மூன்று பாய். மண் நிறத்து ஈரம். அப்பா வெட்டிய குழி.

"நான் அப்ப சின்னப் பிள்ளை," என்றேன். "ஒண்டும் தெரியாது." பிறகு சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன். போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது.

பிறகு ஒரு கிளினிக் நாளில் தம்பியின் மகள் மருந்துக்கு வரிசையில் நிற்க, நான் தனியே போய் அந்த டொக்டரிடம் கேட்டேன். ஒரு அந்நிய மனிசியைப் பற்றிக் கேட்பது மாதிரிக் கேட்டேன். அவர் ஒரு துண்டுக் கடதாசியில் கீறிக் காட்டினார். தலைக்குள்ளே, மூக்குக்கு நேர் பின்னால், கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து ஓமோன் என்ற ஒன்று இரத்தத்தில் கலந்து போய் உடம்புக்குக் கட்டளை சொல்லுமாம். பாலைச் சுரக்கச் சொல்வது அது. மாதவிடாயை வரச் சொல்வது அது. உடம்பைச் சூடாக வைக்கிற கழுத்துச் சுரப்பிக்கும், காய்ச்சல் வந்தால் தாங்குகிற பலம் தருகிற இன்னொரு சுரப்பிக்கும் சொல்வது அது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தச் சுரப்பி பெருத்து நிற்குமாம். அந்த நேரம் அளவுக்கு மிஞ்சி இரத்தம் போனால் வாடிவிடும். வாடினால் பால் வராது, துடக்கு வராது, குளிரும், நித்திரை அடிக்கும், தோல் வெளுக்கும், புருவம் கொட்டும். பிறகு ஒரு சாதாரணக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும்.

"மருந்து இருக்கோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"குளிசைதான் அம்மா. ஒவ்வொரு நாளும் போடவேணும், ஒருநாளும் நிப்பாட்டக் கூடாது. காய்ச்சல் வந்தால் கூட்டிப் போடவேணும். வேறை ஒண்டுமில்லை. பாலும் வரேல்லை, துடக்கும் வரேல்லையெண்டு ஆராவது வந்து சொன்னால் நாங்கள் உடனே தேடிப் பார்ப்பம். சொல்லாமல் விடுறதுதான் கரைச்சல்."

சின்னம்மா சொன்னார். எனக்குச் சொன்னார். நான் அதை மாமியிடம் சொன்னபோது, ஒரு நோயைச் சொல்வதுபோலச் சொல்லவில்லை. களவைக் காட்டிக் கொடுப்பதுபோலச் சொன்னேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து டொக்டர்மாருக்கு இது தெரிந்திருக்குமா, குளிசை கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது, கேட்கவில்லை. கிடைத்திருக்கும் என்று சொன்னாலும் தாங்கமாட்டேன், கிடைத்திராது என்று சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு ஆறுதல்பட்டு விடுவேன்.

தம்பியின் மகள் இப்போது குளிசையோடு நன்றாக இருக்கிறாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகிறாள். தம்பி அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, "எங்கடை நித்திரைக்காரி முழிச்சிட்டாள்," என்று வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்கிறான். ஒவ்வொரு தரமும் என்னைப் பார்த்துச் சொல்கிறான்.

ரீச்சர், இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. எங்கள் சங்கத்தில் முந்தி ஆஸ்பத்திரியில் வேலை செய்த நேர்ஸ் மிஸ்ஸி ஒருவர் இருக்கிறார். சுரப்பியைப் பற்றி நான் எழுதியது சரியோ என்று அவரிடம் ஒருதரம் காட்டுங்கள். நீர்வேலியில் பிறந்தவர்களும் இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். சின்னம்மாவின் தங்கச்சி உயிரோடு இருந்தால் எண்பது தாண்டியிருக்கும். விசாரித்து, காய்ச்சல் எத்தனை நாள், கடைசியாகப் பிள்ளையைக் கேட்டாரோ என்று அறிந்து எழுதுங்கள். மாதங்கள் பிழைத்திருந்தால் திருத்துங்கள். எழுத்துப் பிழையையும் திருத்துங்கள். நான் காட்டிக் கொடுத்த இடத்தில் மட்டும் ஒன்றும் சேர்க்க வேண்டாம். சின்னப் பிள்ளைதானே என்று ஒரு வரி போட்டுவிட உங்களுக்கு மனம் வரும், நீங்கள் நல்லவர். போடாதீர்கள்.

அச்சுக்குக் கொடுக்க முதல் இந்தக் கொப்பியைத் தம்பியிடம் வாசிக்கக் கொடுக்க வேண்டும். அதை நீங்களே கொடுங்கள், எனக்குக் கை வராது. ஆனால் அவன் வாசித்து முடியுமட்டும் நான் அவனுக்கு முன்னால்தான் இருப்பேன்.